உதாரத்துவம்: சொல் விளக்கம்

காரைக்குடியில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, உதார் விடுறதுன்னா பந்தா பண்றது. அப்ப உதாரத்துவம்னா?" அன்று வாசித்தது 2 கொரிந்தியர் 8. மக்கெதோனியா சபையார் 'உதாரத்துவமாய்' கொடுத்தார்கள் என்று அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதும் பகுதி அது. நியாயமான கேள்வி. வேதாகமத்தை மூடிவிட்டால் இந்தச் சொல்லை எங்கே கேட்கிறோம்?

'உதார' என்பது வடசொல். உயர்ந்த, விரிந்த, பெருந்தன்மையுள்ள என்று பொருள். நீதிமொழிகள் 11:25-இல் வரும் 'உதாரகுணம்' இதன் உடன்பிறப்பு.

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'ஹப்லொதேஸ்'. ஒருமனம், கள்ளமின்மை என்பதே அதன் அடிப்பொருள். ரோமர் 12:8-லும் அதே சொல்தான். அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு 'வஞ்சனையில்லாமல்' என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எவ்வளவு கொடுத்தார்கள் என்று பவுல் சொல்லவே இல்லை. மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்தில் இருந்தார்கள், ஆனாலும் ஒளிவுமறைவில்லாத மனதோடு கொடுத்தார்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'ஈகை' உடனே வாயில் வரும். ஆனால் தொல்காப்பியக் கணக்கில் 'ஈ' தாழ்ந்தவன் கேட்கும் சொல், 'தா' ஒப்பானவன் கேட்பது, 'கொடு' உயர்ந்தவன் கேட்பது. ஈகைக்குள் மேல் கீழ் இருக்கிறது. பவுலோ அதே அதிகாரத்தில் 'சமநிலை' வேண்டும் என்கிறார். 'ஒப்புரவு' அழகாகப் பொருந்தும். திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு. ஆனால் சபையில் ஒப்புரவு என்றால் கடவுளோடு சமாதானமாவது.

செட்டிநாட்டுக்கென்று 'மகமை' இருக்கிறது. நகரத்தார் வணிக வருவாயில் ஒரு பங்கைத் தருமத்துக்கு ஒதுக்கிவைப்பது. பங்கு முன்கூட்டியே முடிவானது என்பதால் அது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் தசமபாகத்துக்குத்தான் பக்கம். மொய் இன்னும் தூரம், நோட்டில் ஏறி ஒருநாள் திரும்பி வருவது.

நான் 'வள்ளன்மை' என்றே சொல்வேன். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்புமலை, நம் பக்கத்துப் பிரான்மலைதானே. அந்தக் கொடி அவனிடம் எதுவும் கேட்கவில்லை, திருப்பித் தரவும் போவதில்லை. வள்ளல் என்றால் செல்வந்தன் என்ற நினைப்பு மட்டும் இடறும். அதனால் தம்பியிடம் மாற்கு 12-ஐத் திறந்து காட்டினேன். தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட ஏழை விதவை அங்கே இருக்கிறாள்.