ஊதாவானால் போதாது, சூடாக்கிப் பாருங்கள்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் குப்பியைக் கையில் பிடித்தபடி "சார், ஊதா ஆயிடுச்சு!" என்று ஓடி வருவார்கள். மாதுளைச் சாறு போல் சிவந்திருந்த தங்கக் கரைசலில், டி.என்.ஏ. தங்கத் துகள்களை ஒன்றாகக் கோக்கும் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அவர்களுக்கு அத்தனை சந்தோஷம். நான் கேட்பது ஒன்றுதான்: "சூடாக்கிப் பாத்தியா?"

கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய, 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் நீரில் தனித்தனியே மிதந்தால் சிவப்பு. நெருங்கிச் சேர்ந்தால் ஊதா. 1996இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் சாட் மிர்கின் குழுவினர் இரண்டு தொகுதித் துகள்களில் இரு வேறு டி.என்.ஏ. இழைகளைக் கந்தக அணுவின் உதவியால் ஒட்டினார்கள். அவை ஒன்றோடொன்று சேராதவை. இரண்டுக்கும் பொருந்தும் முனைகள் கொண்ட இன்னொரு டி.என்.ஏ.வை விட்டதும், துகள்கள் தாமாகவே கோத்துக்கொண்டன. 2008இல் இதே வழியில் துகள்களைப் படிகமாகவே அடுக்கிக் காட்டினார்கள். இதில் பயன்படும் டி.என்.ஏ. இயந்திரத்தில் தயாரித்த குட்டி இழை, வெறும் பசை. நம் மரபணுவை இது மாற்றிவிடுமோ என்று பயப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் உப்பில் இருக்கிறது. டி.என்.ஏ. இழைகளுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, ஒன்றையொன்று தள்ளும். அவை ஜோடி சேர உப்பு வேண்டும். ஆனால் துகளைச் சுற்றி இழைகள் நன்றாகப் படிவதற்குள் உப்பைக் கொட்டினால் தங்கம் தானே கட்டிதட்டிவிடும். அதுவும் ஊதாதான்! ஆரம்பத்தில் நானும் அவசரப்பட்டு ஒரு தொகுதி முழுவதையும் அப்படிக் கெடுத்து, அதை வெற்றி என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். இப்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாள் முழுக்கச் சேர்க்கிறோம்.

சூடாக்கினால் உண்மை தெரிந்துவிடும். டி.என்.ஏ. கோத்த கூட்டம் குறிப்பிட்ட வெப்பநிலை வந்ததும் சில டிகிரிக்குள் பிரிந்து, சிவப்பு திரும்பும். ஆறவிட்டால் மறுபடி ஊதா. உப்பால் கட்டிதட்டியது சிவப்புக்குத் திரும்பாது. கூடவே, பொருந்தாத இழை போட்ட இன்னொரு குப்பியும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது சிவப்பாகவே நிற்க வேண்டும்.

வீட்டில் பயன்படுத்தும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றிலும் கோடாகத் தெரிவது தங்கத் துகள்தான். அங்கே அதைப் பிடித்து நிறுத்துவது டி.என்.ஏ. அல்ல, ஆன்டிபாடி என்ற, குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம். அதிலும் 'சி' என்ற கட்டுப்பாட்டுக் கோடு இருப்பது பட்டை ஒழுங்காக வேலை செய்ததா என்று காட்டத்தான். அந்தக் கோடு வரவில்லையா? மற்ற கோட்டைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். புதுப் பட்டை எடுத்து மறுபடி பாருங்கள்.