டெல்-டூப்: விடுபாடும் இரட்டலும்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை எழுதிக்கொடுக்கும்போது 'டெல்-டூப்' என்று ஒரு சொல்லும் கூடவே வரும். மரபணுவில் ஒரு பகுதி இல்லாமல் போவது டெலீஷன், ஒரு பகுதி கூடுதலாக வருவது டூப்ளிகேஷன். இரண்டையும் ஆய்வகத்தார் சுருக்கிக் கூப்பிடும் பெயர் அது.

டெலீஷனுக்கு வேர் 'தெலேரே' என்ற இலத்தீன் வினை. துடைத்தழித்தல் என்று பொருள். டூப்ளிகேஷனில் இருப்பவை 'துவோ', 'பிளிகாரே'. இரண்டு, மடித்தல். நம்முடைய 'இருமடங்கு' என்பதும் மடக்குவதிலிருந்து வந்ததுதானே! துணியை மடித்தவர்களுக்கு எங்கேயும் ஒரே எண்ணம்தான் தோன்றியிருக்கிறது.

பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு படிகளாக, அதாவது பிரதிகளாக இருக்கின்றன, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஏடு பெயர்த்து எழுதுகிறவர் ஓர் எழுத்தைத் தவறாக எழுதலாம், ஓலையையே விட்டுவிடலாம், எழுதியதையே மறுபடி எழுதிவிடவும் செய்யலாம். மரபணுவிலும் இந்த மூன்றும் நடக்கும். வழக்கமான வரிசை வாசிப்பு எழுத்துப் பிழையை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒரு படியில் ஓலையே இல்லையென்றால், மற்றப் படியை வாசித்துவிட்டு 'பிழையில்லை' என்று சொல்லிவிடும். அங்கே வாசித்துப் பயனில்லை, எண்ண வேண்டும்.

எண்ணுவதற்குப் பரவலாகப் பயன்படுவது நெதர்லாந்தில் உருவாகி 2002இல் வெளியான எம்எல்பிஏ முறை. மரபணுவின் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு சிறு டிஎன்ஏ துண்டுகளை அனுப்புவார்கள். இலக்கு அங்கே இருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும். நொதி அவற்றை இணைக்கும். இணைந்தது மட்டும் பெருகும். வரைபடத்தில் அதன் உயரத்தை இயல்பானவரின் உயரத்தோடு ஒப்பிட்டால் 1 என்பது சரியான கணக்கு. 0.5 என்றால் ஒரு படி இல்லை, 1.5 என்றால் ஒன்று கூடுதல், 0 என்றால் இரண்டுமே இல்லை.

காதுகேளாமையில் இந்தக் கணக்கு எதற்கு? ஜிஜேபி2 என்ற மரபணுவில் பொதுவாக இரண்டு படிகளும் பழுதானால்தான் காது கேளாமல் போகும். அதில் ஒரு படியில் மட்டும் பிழை கிடைத்துக் குழம்பிய குடும்பங்களில், பக்கத்து மரபணுவான ஜிஜேபி6 பகுதியில் 3 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்கும் மேல் காணாமல் போயிருந்தது சிலரிடம் தெரிந்தது. மற்றப் படியில் ஜிஜேபி2 அப்படியே இருக்கிறது, அதை இயக்கும் பகுதிதான் போய்விட்டது. காதுகேளாமைக்குக் காரணமாகும் இன்னொரு மரபணுவான எஸ்டிஆர்சி இன்னும் தொல்லை. ஏறக்குறைய அச்சு அசலான ஒரு போலி மரபணு அருகிலேயே இருப்பதால் வாசிப்பும் தடுமாறும், எண்ணிக்கையும் தடுமாறும். இரட்டலால் வரும் காதுகேளாமை அரிது. டிஜேபி2 மரபணு இரட்டித்து, பெரியவர்களான பிறகு படிப்படியாகக் கேட்கும் திறன் குறைந்த ஓர் இஸ்ரேலியக் குடும்பம் 2010இல் பதிவாகியிருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நன்னூல் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது. டெலீஷனுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஆனால் மருத்துவர், 'உங்கள் பிள்ளையின் மரபணுவில் கெடுதல்' என்று சொன்னால் பெற்றோர் பதறிப்போவார்கள். பாடநூல் வழக்கான 'நீக்கம்' யாரோ வேண்டுமென்றே எடுத்துவிட்டது போலத் தொனிக்கிறது. ஏட்டிலும் பட்டியலிலும் விடுபட்டதைச் சொல்லும் 'விடுபாடு' எனக்குப் பிடித்தது.

டூப்ளிகேஷனை 'இரட்டிப்பு' என்றால் ஒரு சிக்கல். செல் பிரியும் முன் டிஎன்ஏ தன்னையே நகலெடுப்பதையும் பாடநூல்கள் 'இரட்டிப்பாதல்' என்றே சொல்கின்றன. மண் + உலகு = மண்ணுலகு என்பதில் ஒற்று 'இரட்டும்' என்கிறது இலக்கணம். அதைப் பின்பற்றி 'இரட்டல்' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துச் சோதிப்பது படியெண் பரிசோதனை. மாடிப்படி எண்ணுவதா என்று கேட்பவர்களுக்கு 'பிரதியெண்' என்றும் சொல்லிவிடலாம்.