இரண்டாயிரம் நிறமாலைகள், இருபதே நோயாளிகள்

ராமன் நிறமாலையை (லேசர் பட்டுச் சிதறும் ஒளியில் மூலக்கூறுகள் விடும் தடம்) வைத்துப் புற்றுத்திசுவை அடையாளம் காணும் இன்னொரு இயந்திரக் கற்றல் மாடல் மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. துல்லியம் 99 சதவீதமாம். செய்முறைப் பகுதியில் அதே பழைய கதை: எல்லா நிறமாலைகளையும் ஒன்றாகக் கொட்டி, கலைத்து, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் மிச்சத்தைச் சோதனைக்கும் எடுத்திருக்கிறார்கள். எத்தனை தடவைதான் இதைச் சொல்வது!

20 நோயாளிகள், ஆளுக்கு 100 நிறமாலைகள் என்று வையுங்கள். உங்களிடம் இருப்பது 2000 மாதிரிகள் அல்ல, 20. ஆளுக்கு 1000 எடுத்தாலும் 20தான். ஒவ்வொருவரின் திசுவுக்கும் தனக்கென்று ஒரு ஒளிர்வுப் பின்னணி உண்டு. வெட்டின தடிமன், ஸ்லைடு, அன்றைக்கு ஃபோகஸ் பண்ணின விதம் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். கலைத்துப் பிரித்தால் ஒரே ஆளின் நிறமாலைகள் இரண்டு பக்கமும் போய்விடும். மாடல் ஆளை அடையாளம் கண்டாலே போதும், விடை தானாக வந்துவிடும். புற்றைப் பற்றி அது எதுவும் கற்றிருக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை வரவில்லையா? நோயாளிகளுக்குப் 'புற்று', 'நலம்' என்ற பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிக் கொடுங்கள். அதே முறையில் பிரித்து ஓட்டுங்கள். துல்லியம் அப்போதும் உயரத்திலேயே நிற்கும். இப்போது நோயாளி வாரியாகப் பிரித்து ஓட்டுங்கள். நாணயம் சுண்டின கணக்குக்கு இறங்கிவிடும். பைத்தானின் இயந்திரக் கற்றல் நூலகமான சைக்கிட்-லேர்னில் இதற்கு 'குரூப்கேஃபோல்ட்' என்ற, குழு வாரியாகப் பிரிக்கும் கருவி இருக்கிறது. நோயாளி எண்ணை 'குரூப்ஸ்' என்ற இடத்தில் கொடுத்தால் வேலை முடிந்தது.

மாடலுக்குக் கொடுக்கும் முன் நிறமாலைகளைச் சுத்தம் செய்யும் முன்செயலாக்கத்திலும் இதே ஓட்டை உண்டு. பேஸ்லைன் நீக்கம் (ஒளிர்வுப் பின்னணியைக் கழிப்பது), எஸ்.என்.வி. (ஒரு நிறமாலையை அதன் சொந்தச் சராசரி, விலக்கத்தை வைத்துச் சமன்செய்வது) போன்றவை ஒவ்வொரு நிறமாலையையும் தனியாகத் தொடுபவை. பிரிப்பதற்கு முன்பே செய்யலாம். பி.சி.ஏ. (தரவைச் சில முக்கியக் கூறுகளாகச் சுருக்குவது), சராசரி கழித்தல், அலையெண் (நிறமாலையின் கிடை அச்சு, அலகு செ.மீ⁻¹) தேர்வு ஆகியவை மொத்தத் தொகுப்பையும் பார்த்துக் கற்பவை. அவற்றைப் 'பைப்லைன்' (படிகளை வரிசையாகக் கோக்கும் சைக்கிட்-லேர்ன் கருவி) உள்ளே போடுங்கள், பயிற்சிப் பகுதியை மட்டும் பார்க்கட்டும். பத்து விதமாகச் செயலாக்கிப் பார்த்து, சோதனையில் நன்றாக வந்ததை மட்டும் எழுதுவதும், சோதனைத் தரவு பயிற்சிக்குள் கசிவதுதான்.

வரிசையும் முக்கியம். காஸ்மிக் கதிர்கள் டிடெக்டரில் மோதி உண்டாக்கும் கூர்முனைகளை முதலில் எடுங்கள். விட்டுவிட்டு ஸ்மூத்திங் (இரைச்சலைக் குறைப்பது) செய்தால் கூர்முனை அகன்று நிஜ உச்சி மாதிரியே உட்கார்ந்துகொள்ளும். சவிட்ஸ்கி-கோலே என்ற ஸ்மூத்திங் முறையின் ஜன்னலை அகலமாக்கினால் 1003 செ.மீ⁻¹ அருகே உள்ள ஃபீனைல்அலனின் (ஒரு அமினோ அமிலம்) உச்சி மழுங்கிவிடும். உயர்படிப் பல்லுறுப்புக்கோவை பேஸ்லைன், 1650 செ.மீ⁻¹ பக்கம் இருக்கும் புரதத்தின் அகலமான அமைடு பட்டையையே தின்றுவிடும். பேஸ்லைனை எடுத்த பிறகுதான் நார்மலைசேஷன் (எஸ்.என்.வி. மாதிரிச் சமன்செய்வது). ஒவ்வொரு படிக்குப் பிறகும் நாலு நிறமாலைகளையாவது வரைந்து கண்ணால் பாருங்கள், தயவுசெய்து.

எந்த மென்பொருள் நல்லது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பைத்தானில் ராமன்ஸ்பை, ஆர் மொழியில் ஹைப்பர்ஸ்பெக். எது கைக்கு வருகிறதோ அது.

அதைவிட முக்கியம், அளக்கும்போதே நீங்கள் செய்ய வேண்டியது. கருவியின் அளவு நகரவில்லை என்று உறுதிசெய்ய, தினமும் சிலிக்கானின் 520 செ.மீ⁻¹ உச்சியைச் சரிபாருங்கள். புற்று மாதிரிகளை ஒரு நாளும் நலமானவற்றை இன்னொரு நாளும் அளக்காதீர்கள், ஒவ்வொரு நாளும் இரண்டையும் கலந்து அளங்கள். நாள் வித்தியாசம் நோய் வித்தியாசத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டால் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. மாதிரிகளை மறுபடி அளக்கத்தான் வேண்டும்.