சொல் விளக்கம்: அபோரிஜினல் ஆர்ட் மார்க்கெட்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில், லராக்கியா மக்களின் நிலமான டார்வினில், ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு சந்தை கூடுகிறது. டார்வின் அபோரிஜினல் ஆர்ட் ஃபேர் என்று பெயர், 2007-இல் தொடங்கியது. மத்தியப் பாலைவனம், ஆர்ன்ஹெம் லேண்ட், திவி தீவுகள், டோரஸ் நீரிணைத் தீவுகள் என எல்லாத் திசைகளிலிருந்தும் 70-க்கும் மேற்பட்ட கலை மையங்கள் வந்து கடை விரிக்கின்றன. அந்த மையங்களை நடத்துபவர்கள் அந்தந்தச் சமூகத்தவரே. விற்ற காசு முழுவதும் அவர்களிடமே போய்ச் சேர்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ‘டெசர்ட் மாப்’, அடிலெய்டில் ‘தாணந்தி’, கெய்ர்ன்ஸில் இன்னொன்று, சிட்னியில் ‘பிளாக் மார்க்கெட்ஸ்’ என்று இந்த வகைச் சந்தைகள் இப்போது பல.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘ஆதிவாசிகள் கைவினைப் பொருட்காட்சி’ என்று எழுதிவிடும். அதில் ஒரு சொல்கூடச் சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் ‘அபோரிஜினல்’. இலத்தீனில் ‘அப் ஒரிகினே’ என்றால் ‘தொடக்கம் முதலே’. இத்தாலியின் லாட்டியம் பகுதியில் முதன்முதலில் வாழ்ந்ததாக ரோமானியர் நம்பிய மக்களுக்கு ‘அபோரிகினெஸ்’ என்று பெயர். டிராயிலிருந்து தப்பி வந்த ஏனியாஸ் அவர்களோடு கலந்து இலத்தீனியர் என்ற இனத்தை உண்டாக்கினான் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ரோமானியருக்கு அது தங்கள் சொந்த மூதாதையரின் பெயர், பெருமைக்குரிய பெயர். ஆங்கிலம் அதை எடுத்து, எந்த நாட்டிலும் முன்பே இருந்தவர்களைக் குறிக்கும் பொதுச்சொல்லாக்கியது. 1788-இல் பிரிட்டிஷார் சிட்னியில் குடியேறிய பின் அது மெல்ல மெல்ல ஆஸ்திரேலியாவோடு ஒட்டிக்கொண்டது. ‘அபோரிஜினல் நேட்டிவ்ஸ்’ மக்கள்தொகைக் கணக்கில் சேர மாட்டார்கள் என்று சொன்ன அரசியலமைப்புப் பிரிவு 1901-இலிருந்து இருந்தது. 1967 வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அதை நீக்கச் சொன்ன பிறகே போனது.

இன்றைய வழக்கில் ‘அபோரிஜினி’ என்ற பெயர்ச்சொல்லைத் தவிர்க்கிறார்கள். அதன் சுருக்கமோ வசை. ‘அபோரிஜினல்’ என்ற பெயரடையை முதல் எழுத்தைப் பெரிதாக்கி எழுதினால் ஏற்கிறார்கள். டோரஸ் நீரிணைத் தீவினர் வேறு மக்கள். அந்தச் சொல் அவர்களைக் குறிக்காது. 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசியவர்களை ஒரே கூடையில் போட்ட சொல் இது. அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர்கள் வேறு: நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் கூரி, குயின்ஸ்லாந்தில் மர்ரி, தென்மேற்கில் நூங்கார், டாஸ்மேனியாவில் பலாவா, ஆர்ன்ஹெம் லேண்டின் வடகிழக்கில் யோல்ஙு, மத்தியப் பாலைவனத்தில் அணஙு.

கடைசி இரண்டு பெயர்களில் உள்ள ‘ஙு’ அச்சுப்பிழை இல்லை. அரிச்சுவடியோடு நாம் மறந்துவிடும் ஙகர வரிசைக்கு இங்கே நிஜமான வேலை இருக்கிறது. ‘அணங்கு’ என்று எழுதினால் சங்கப் பாட்டின் அணங்கு குறுக்கே வந்து நின்றுகொள்ளும்; அவர்கள் ஒலிப்பில் அங்கே ககரமே கிடையாது. நாம் ‘உலுரு’ என்று எழுதும் பெரும்பாறையின் பெயரிலும், பிட்ஜன்ஜாரா மொழிக்காரர் உச்சரிப்பில், இரண்டாவது எழுத்துக்குப் பின் வருவது ழகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி. ‘உலுழு’ என்பதே செவிக்குச் சரி. இதைப் படித்ததும் ‘அப்படியானால் அவர்களும் தமிழர்தானே’ என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் உட்காரலாம். திராவிட மொழிகளுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் உள்ள சில ஒற்றுமைகளைக் கால்டுவெல்லே சுட்டினார்தான். ஆனால் பிற்கால மொழியியலில் அந்த உறவு நிறுவப்படவில்லை. ஒலி ஒத்துப்போவதால் உறவு வந்துவிடாது. அவர்கள் பெயரைச் சரியாக எழுத நம் எழுத்து உதவுகிறது, அவ்வளவே.

இனித் தமிழ்ச் சொற்கள். ‘ஆதிவாசி’ வடசொல், அரசியல் பெயராக எழுந்தது 1930-களில், சோட்டாநாக்பூரில். 1938-இல் அங்கே ஆதிவாசி மகாசபை உருவானது. அந்த மக்களுக்கு அது தலைநிமிர்ந்து சொல்லும் பெயர். இலங்கையில் வேடரையும் அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு வாய்த்த கதி வேறு. நம் சினிமா அதற்கு இலைதழை கட்டி, கையில் ஈட்டி கொடுத்து ஆடவிட்டது. அந்தப் படம் மனத்திலிருந்து அழியும்வரை பிறரைக் குறிக்க அது உதவாது.

‘பழங்குடி’யின் கதை சுவையானது. புகார் நகரின் பெருமையைச் சொல்லும் இளங்கோவடிகள் ‘பதியெழு வறியாப் பழங்குடி’ என்கிறார். பசியாலோ பகையாலோ ஊரைவிட்டுப் பெயரும் நிலை வராத பழைய குடிகள் என்று பொருள். குறளில் (955) பழங்குடி என்பது கொடுக்க வளம் குறைந்தாலும் பண்பு குறையாத உயர்குடி. பரிமேலழகர் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு சேர சோழ பாண்டியர்! மூவேந்தரைச் சுட்டிய சொல், இன்று சாதிச் சான்றிதழில் ‘பட்டியல் பழங்குடியினர்’ என்ற கட்டத்துக்குள் நிற்கிறது. கேட்டதும் தோடரும் இருளரும் காணிக்காரரும், மலையும் காடும் நினைவுக்கு வருகின்றன. ஆஸ்திரேலிய அபோரிஜினல் மக்களில் பெரும்பாலோர் நகரங்களிலும் ஊர்களிலும் வாழ்பவர்கள். மற்ற மாநிலங்களைவிட நியூ சவுத் வேல்ஸில்தான் அவர்கள் எண்ணிக்கை அதிகம். சிட்னியில் வழக்கறிஞராக இருக்கும் ஒருவரைப் ‘பழங்குடிப் பெண்’ என்று எழுதினால், நம் வாசகர் மனத்தில் எழும் உருவம் அவர் அல்லர்.

ஆஸ்திரேலியத் தமிழர் வழக்கில் ‘பூர்வகுடி’, ‘பூர்வீக மக்கள்’ என்ற சொற்கள் ஊன்றிவிட்டன. குறை சொல்லுமளவுக்கு மோசமில்லை. ஆனால் ‘உங்களுக்குப் பூர்வீகம் எது?’ என்று கேட்டால் நாம் சொல்வது எந்த ஊரை? தாத்தா விட்டுவந்த ஊரை. இருப்பவரைக் குறிக்க, விட்டுவந்ததன் வாடை அடிக்கும் சொல் எதற்கு? ‘முதுகுடி’ எனக்குப் பிடித்த சொல். தொல்காப்பியத்தில், படையோடு வந்து பெண் கேட்கும் வேந்தனுக்கு மகளைத் தர மறுக்கும் குடிகள் அவர்கள். ஆனால் புழக்கத்தில் இல்லை. மிஞ்சுவது ‘தொல்குடி’. தொல்லியலின் நிழல் அதன்மேல் விழுகிறது, மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவர்கள் போல ஒலிக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான குறைதான். இருந்தும் சாதிச் சான்றிதழும் சினிமாவும் தொடாத சொல் இது ஒன்றே.

‘ஆர்ட்’ என்பதைக் கைவினை என்று மாற்றுவது சிறிய பிழையாகத் தோன்றலாம். அதன் பின்னால் நீண்ட வழக்கு இருக்கிறது. பல பத்தாண்டுகள் இவர்கள் படைப்புகள் கலைக்கூடத்தில் இடம் கிடைக்காமல் மானிடவியல் அருங்காட்சியகங்களில்தான் கிடந்தன. திவி தீவினர் ஈமச்சடங்குக்குச் செதுக்கும் வண்ணத் தூண்கள் 17-ஐ 1958-இல் செய்யச் சொல்லி வாங்கி, நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் மறு ஆண்டு காட்சிக்கு வைத்தபோது, இது கலையா என்ற கேள்வி எழுந்தது. 1966-இல் ஒரு டாலர் நோட்டில் ஆர்ன்ஹெம் லேண்ட் ஓவியர் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியத்தை அவரைக் கேட்காமலே அச்சடித்தார்கள். பிறகு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடி சாமான்களும் கொடுத்து ஈடுகட்டினார்கள். 1971-இல் மத்தியப் பாலைவனத்துப் பப்புன்யாவில் பெரியவர்கள் பலகையிலும் பிறகு கித்தானிலும் வரையத் தொடங்கியபின், 1972-இல் அவர்களுக்கே உரிய நிறுவனம் எழுந்தபின், காற்று திசைமாறியது. கூடை முடைவதும் இதில் சேர்த்திதான். 1995-இல் தொடங்கிய ‘ஜன்பி’ குழுவின் பாலைவனப் பெண்கள் காட்டுப்புல்லைச் சுருட்டித் தைத்துக் கூடையும் செய்கிறார்கள், ஆளுயரச் சிற்பமும் செய்கிறார்கள். ஜன்பி என்றாலே புல். ஆகவே ‘கலை’ என்றே எழுதுவோம்.

சந்தையில் ஒரு கித்தானைத் திருப்பிப் பார்த்தால் அதோடு வரும் சீட்டில் வரைந்தவர் பெயர், ஊர், கலை மையத்தின் பெயர், பட்டியல் எண், கதை எல்லாம் இருக்கும். மத்தியப் பாலைவனத்து ஊரான யுவெண்டுமுவிலிருந்து வந்த, வார்ல்பிரி மக்களின் ஓவியமென்றால் ‘ஙபா ஜுகுர்பா’ என்றிருக்கலாம். ஙபா என்றால் தண்ணீர். ஜுகுர்பாவை ஆங்கிலத்தில் ‘ட்ரீமிங்’ என்கிறார்கள். அரெர்ன்டே மக்களின் ‘அல்ட்யெர்ரெ’ என்ற சொல்லை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மானிடவியல் ஆய்வாளர்களான ஸ்பென்சரும் கில்லனும் பெயர்த்ததிலிருந்து பரவிய வழக்கு அது. நாம் அதிலிருந்து ‘கனவுக்காலம்’ என்று இன்னொரு முறை பெயர்த்தால் ஏதோ தூக்கத்தில் கண்டது போல ஆகிவிடும். நிலத்தைப் படைத்த முன்னோரின் பயணம், அது விட்டுச்சென்ற சட்டம், இன்றும் தொடரும் உறவு என எல்லாம் அதில் அடக்கம். ஜுகுர்பா என்றே விட்டுவிடலாம். யார் வேண்டுமானாலும் அதை வரைந்துவிட முடியாது. தந்தை வழியில் உரிமை பெறும் ‘கிர்டா’, தாய் வழியில் பாதுகாக்கும் ‘குர்டுஙுர்லு’ என்று இரு தரப்பு உண்டு. கிர்டா வரைவது சரியா என்று பார்ப்பது குர்டுஙுர்லுவின் பொறுப்பு. ஓவியத்திலுள்ள புள்ளிகளைப் பார்த்ததும் மார்கழிக் கோலம் நினைவுக்கு வருவது இயல்பு. கோலத்தை நான் பார்த்துப் போடலாம், இதைப் போட முடியாது.

இந்த இடத்தில்தான் பெயர் வெறும் பெயராக இல்லாமல் வழக்குமன்றம் ஏறியது. பிருபி ஆர்ட் என்ற நிறுவனம் பூமராங்குகள் உள்ளிட்ட 18,000-க்கும் மேற்பட்ட பொருள்களை விற்றது. ‘அபோரிஜினல் ஆர்ட்’, ‘கையால் வரைந்தது’ போன்ற சொற்கள் அவற்றின்மேல் இருந்தன. செய்த இடம் இந்தோனேசியா. நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் இது ஏமாற்று என்று 2018-இல் தீர்ப்பளித்து, மறு ஆண்டு 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நிறுவனம் அதற்குள் கலைப்பில் இருந்தது வேறு கதை. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் தந்த 2022 அறிக்கைப்படி, தொல்குடிப் பாணி நினைவுப் பொருள்களில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை அவர்கள் செய்யாதவை.

ஆகவே ‘அபோரிஜினல் ஆர்ட்’ என்பதில் முன்னால் நிற்கும் சொல் பாணியைச் சொல்லவில்லை, படைத்தவரைச் சொல்கிறது. தமிழில் ‘தொல்குடிக் கலை’ என்று தொகையாக எழுதினால் உருபு மறைந்துவிடுகிறது; தொல்குடியினரது கலை என்றும் விரிக்கலாம், தொல்குடிப் பாணியிலான கலை என்றும் விரிக்கலாம். போலிக்காரர் புகுந்துகொள்வது அந்த இடுக்கில்தான். ‘தொல்குடியினர் கலை’ என்று ஆட்களைச் சொல்லிவிட்டால் இடுக்கு அடைபடும்.

‘மார்க்கெட்’டுக்கு வருவோம். கலையோடு அது சேரும்போது இரண்டு பொருள். ஒன்று ஏலக்கூட வணிகம். கிளிஃபோர்ட் பாசம் ஜபல்ஜாரி 1977-இல் வரைந்த ‘வார்லுகுலொங்’ முதலில் 1,200 டாலருக்கு விற்றது. 1996-இல் 36,000 டாலர். 2007-இல் 24 லட்சம் டாலர். அப்போது அவர் உயிரோடு இல்லை. ஏறிய விலையில் குடும்பத்துக்குப் பங்கு கிடைக்க அன்று சட்டமும் இல்லை. 2010-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 1,000 டாலருக்கும் அதற்கு மேலும் போகும் மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 விழுக்காடு தரச் சொல்கிறது. இன்னொரு பொருள், செய்தவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கும் இடம். டார்வினில் நடப்பது இது. அதற்குச் ‘சந்தை’யே போதும், ‘கண்காட்சி’ என்றால் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாகிவிடும்.

‘பிளாக் மார்க்கெட்ஸ்’ பெயரை மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். கறுப்புச் சந்தை என்று எழுதினால் கள்ளச்சந்தை ஆகிவிடும்! அந்த ‘பிளாக்’, வழக்கமான ஆங்கிலச் சொல்லிலிருந்து ‘சி’ என்ற ஓர் எழுத்தை வேண்டுமென்றே உருவிவிட்டு எழுதுவது. 1991-இல் டெஸ்டினி டீக்கன் என்ற கலைஞர் தொடங்கிவைத்த எழுத்துமுறை; பிறர் சூட்டிய சொல்லைத் தமக்கென்று திருத்திக்கொண்டது.

என் பரிந்துரை: பொதுப்பெயராகத் ‘தொல்குடியினர் கலைச்சந்தை’. மக்களின் பெயர் தெரிந்தால் அதையே முன்னால் போடுவது: யோல்ஙு ஓவியர், வார்ல்பிரி ஓவியம், பலாவா சிப்பி மாலை. கெய்ர்ன்ஸ் சந்தைக்காரர்கள் ‘அபோரிஜினல்’ என்பதை விட்டு ‘இண்டிஜினஸ்’ என்று வைத்திருக்கிறார்கள். டோரஸ் தீவினரும் அதில் சரிபாதி உரிமையோடு நிற்பவர்கள். அங்கே ‘முதற்குடிகள் கலைச்சந்தை’ என்று எழுதலாம். ‘ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்’ என்று வருமிடங்களுக்கும் அதுவே பொருந்தும்.