இடைத்தலைப்பு வேண்டாம், இடையுரை என்போம்

நார்வேயின் பழைய ஊமைப்படங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் கையில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. இடைத்தலைப்பு. இந்தப் படத்தில் இடைத்தலைப்புகள் அதிகம், அந்தப் படத்தின் இடைத்தலைப்புகள் தொலைந்துபோயின என்கிற மாதிரி வாக்கியங்களை அடிக்கடி பார்க்கிறேன். பழைய சினிமாவோடு பழக்கம் இல்லாத ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? படம் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்கப்பட்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு இருந்தது, அது காணாமல் போய்விட்டது என்றுதான் நினைப்பார். தொலைந்ததோ படத்தின் பேச்சு. பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதும், கதைசொல்லி நமக்குச் சொன்னதும் அந்த எழுத்தில்தான் இருந்தன.

சொல்லப்படும் பொருள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊமைப்படத்தில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது படம் வெட்டுப்பட்டு, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சில நொடி நிற்கும். ‘மூன்று ஆண்டுகள் கழித்து’ என்று காலம் சொல்லும். அல்லது மேற்கோள் குறிக்குள் பாத்திரம் பேசிய பேச்சு இருக்கும். அப்புறம் காட்சி தொடரும். இதற்கு ஆங்கிலத்தில் இன்றைக்கு வழங்கும் பெயர் இண்டர்டைட்டில். அந்தப் படங்கள் வெளிவந்த காலத்தில் அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. அப்போது டைட்டில் என்றார்கள், சப்டைட்டில் என்றுகூடச் சொன்னார்கள். சப்டைட்டில் என்ற பெயர் திரைக்கு அடியில் ஓடும் வரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, நடுவில் வருவதைப் பிரித்துச் சொல்ல இண்டர்டைட்டில் வந்தது.

டைட்டில் என்பதன் மூலம் லத்தீனின் ‘டிட்டுலுஸ்’. அதற்குப் பொறிப்பு, எழுதி மாட்டிய பலகை, பெயர்ச்சீட்டு என்று பொருள். நூலின் பெயரைக் குறித்தது அதில் ஒரு கிளை மட்டுமே. திரையில் தெரியும் எழுத்தை டைட்டில் என்று அழைத்தவர்கள் பொறிப்பு என்ற பொருளில்தான் அழைத்தார்கள். தமிழில் மொழிபெயர்த்தவர் அகராதியில் டைட்டிலுக்கு முதலில் கண்ட ‘தலைப்பு’ என்பதை எடுத்து, முன்னால் ‘இடை’யை ஒட்டிவிட்டார். தவறு அங்கேதான் நடந்தது.

நார்வே மொழிக்காரர்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை. அவர்கள் சொல் ‘மெல்லொம்தெக்ஸ்ட்’. மெல்லொம் என்றால் இடையே. தெக்ஸ்ட் என்றால் எழுத்தால் ஆன வாசகம். (தெக்ஸ்டுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு நெய்தது என்று பொருள். நம் ‘நூல்’ போலத்தான், அதுவும் இழையிலிருந்து ஏட்டுக்குப் போன சொல்.) எழுத்து தாங்கிய அட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் ‘தெக்ஸ்ட்ப்ளகாத்’ என்பார்கள். படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்கள் ‘ஃபோர்தெக்ஸ்ட்’, முடிவில் உருண்டு மேலேறுபவை ‘ருல்லெதெக்ஸ்ட்’, அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு ‘உன்னர்தெக்ஸ்ட்’. தலைப்பு என்று பொருள்படும் ‘தித்தெல்’ அவர்களிடமும் உண்டு. அதைப் படத்தின் பெயருக்கு வைத்துக்கொண்டார்கள். திரையில் எங்கே எழுத்து வந்தாலும் அது தெக்ஸ்ட். இவ்வளவு தெளிவாகப் பகுத்து வைத்திருக்கும் ஒரு மொழியின் சினிமாவைப் பற்றி எழுதும்போது, ஆங்கிலத்தின் வழியே சுற்றிவந்து ‘தலைப்பு’ என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இடைத்தலைப்பு என்ற சொல்லுக்குள்ளேயே முரண் இருக்கிறது. தலைப்பு என்பது தலையில் நிற்பது, தனக்குக் கீழே வருவதை ஆள்வது. ‘ஒரு கிராமம்’ என்று தலைப்பு போட்டால் அடுத்து வருவது முழுவதும் அந்தக் கிராமத்தைப் பற்றியது. ஊமைப்பட எழுத்து எதையும் ஆள்வதில்லை. பெண் வாயைத் திறக்கிறாள், எழுத்து வருகிறது, மறுபடி அவள் முகம் வருகிறது. அந்த எழுத்து அவள் முகத்தின் தொடர்ச்சி. அதற்குக் கீழே எந்தப் பகுதியும் தொடங்கவில்லை.

சரி, பழகினால் பொருள் தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்லலாம். வராது. காரணம், இடைத்தலைப்பு காலியாகக் கிடக்கும் சொல் இல்லை. பத்திரிகையில் நீண்ட கட்டுரையின் நடுவே கண்ணுக்கு ஓய்வாக வைக்கும் சிறுதலைப்புக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. அங்கே அது மிகப் பொருத்தமும்கூட. ஆளிருக்கும் வீட்டில் இன்னொருவரைக் குடிவைக்கிற வேலை எதற்கு? அதிலும் சில ஊமைப்படங்கள் உண்மையிலேயே பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் தலைப்பு அட்டை வைத்திருந்தன. அந்தத் தலைப்பையும் கதாநாயகனின் பேச்சையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டு, எது எது என்று எப்படிப் பிரிப்பது?

இதை ஒரு படத்தை வைத்துக் காட்டினால் விளங்கும். ‘ஃபாந்தெ-ஆன்னெ’, 1920. ராஸ்முஸ் பிரைஸ்தைன் இயக்கியது, கிறிஸ்தோஃபர் யான்சனின் கதை, குன்னார் நில்சன்-வீக் ஒளிப்பதிவு. அதற்கு முன்பும் நார்வேயில் கதைப்படங்கள் வந்திருந்தன. 1911, 1912-இல் ஹால்ஃப்தான் நோபெல் ரூதெ நகரத்துக் கதைகளை எடுத்தார். பேத்தர் லிக்கெ-சேஸ்ட் 1916-இல் தனியாக ஒரு படநிறுவனம் தொடங்கி, 1919-இல் தன் மகனையே நாயகனாக வைத்து ‘ஒரு பையனின் கதை’ எடுத்தார். ஆனாலும் நாட்டுப்புற வெளியில், அந்த நாட்டு இலக்கியத்திலிருந்து, அந்த நாட்டு நடிகர்களை வைத்து ஒரு மரபைத் தொடங்கிவைத்தது என்று பிரைஸ்தைனின் படத்தைத்தான் சொல்வார்கள்.

ஆன்னெ ஒரு பண்ணைவீட்டில் அடைக்கலமாக வளர்ந்த அநாதைப் பெண். பண்ணையின் வாரிசான ஹல்தோரும் அவளும் ஒன்றாக வளர்ந்து காதலிக்கிறார்கள். அவன் தாய்க்கு அது பிடிக்கவில்லை. வசதியான வீட்டுப் பெண்ணை நிச்சயம் செய்கிறாள். ஹல்தோர் புதுவீடு கட்டுகிறான். ஆன்னெ அந்த வீட்டுக்குத் தீ வைக்கிறாள். அவளை மனதுக்குள் நேசிக்கும் ஏழைக் குடியானவன் யோன், தீ வைத்தது தானே என்று சொல்லிச் சிறைக்குப் போகிறான்.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். தீ எரிவதைப் படம் காட்டிவிடும். ஆன்னெயின் ஆத்திரத்தை, அவளாக நடித்த ஓஸ்தா நீல்சனின் முகம் காட்டிவிடும். ஆனால் யோன் சொல்வது பொய். ஒரு மனிதன் பொய் சொல்கிறான், அதுவும் அன்பினால் சொல்கிறான் என்பதை வெறும் படத்தால் காட்ட முடியாது. ஒரு வாக்கியம் வேண்டும். அவன் முகம், எழுத்து, அப்புறம் கேட்டுக்கொண்டிருக்கும் ஆன்னெயின் முகம். இந்த மூன்றில் நடுவில் இருப்பதைத் தலைப்பு என்று எவராவது அழைப்பாரா? அது யோனின் உரை.

இன்னொரு சான்று கதைப்படத்துக்கு வெளியே இருந்து. ரோல்ட் அமுண்ட்சனின் தென்துருவப் பயணத்தை 1910-இலிருந்து 1912 வரை எடுத்த படச்சுருள் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கிறது, 2005-இல் சேர்த்தார்கள். ஊர் ஊராகச் சொற்பொழிவு ஆற்றும்போது அமுண்ட்சன் காட்டிய படம் அது. கண்ணாடிச் சில்லுகளில் பதித்த நிலைப்படங்கள் கொஞ்சம், ஓடும் படம் கொஞ்சம், மேடையில் அவர் நின்று பேசுவார். கப்பல், நாய்கள், பனி எல்லாம் திரையில். எங்கே, எப்போது, ஏன் என்பதெல்லாம் அவர் வாயில். அந்தப் பேச்சுக்குத் தமிழில் உரை என்றுதான் பெயர். பேசுகிறவர் இல்லாத அரங்கில் அதே வேலையை எழுத்து செய்தால், அதற்கும் உரை என்றுதானே பெயர் வரவேண்டும்?

ஆகவே என் சொல் இடையுரை. இதை நான் வெறும் வசதிக்காகச் சொல்லவில்லை. நம்மிடம் இதற்கு மிகப் பழைய முன்மாதிரி இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் பதிகம் அந்தக் காப்பியத்தை ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்று சொல்கிறது, பாட்டுக்கு நடுவே உரைநடை வரும் செய்யுள் என்று பொருள். ஒரு கலை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவே இன்னொரு வகை மொழி வந்து நின்று, கதையை நகர்த்திவிட்டு, மறுபடி முதல் கலைக்கு வழிவிடுவது. பாட்டின் இடத்தில் படத்தை வைத்தால் ஊமைப்படத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ‘உரை இடையிட்ட படம்’ என்றே சொல்லலாம். உரை என்பது பேச்சையும் குறிக்கும், எழுதிய வாசகத்தையும் குறிக்கும், விளக்கத்தையும் குறிக்கும். மற்ற இடங்களில் இந்தப் பன்மை தொல்லை. இங்கே இதுதான் பலம். பாத்திரத்தின் பேச்சு அட்டை, கதைசொல்லியின் விளக்க அட்டை இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது.

மற்றப் பரிந்துரைகளையும் பார்த்துவிடலாம். வசன அட்டை என்பது நல்ல தமிழ்க் காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் சினிமாவில் வசனம் என்றால் பாத்திரம் பேசுவது என்று நிலைத்துவிட்டது. ‘மூன்று ஆண்டுகள் கழித்து’ என்பது யாருடைய வசனம்? இடையெழுத்து என்று எழுதினால் சொல்லின் நடுவில் வரும் எழுத்தும், இடையின எழுத்தும் நினைவுக்கு வந்து குறுக்கே நிற்கும். இடைச்சொல் இலக்கணத்தின் சொத்து. இடைவாசகம் எனக்கு ஏற்புதான், தெக்ஸ்ட் என்பதற்கு நெருக்கமும்கூட; பேச்சின் சாயல் அதில் குறைவு என்பதால் இரண்டாம் இடம். எழுத்தட்டை என்று சொன்னால் தெக்ஸ்ட்ப்ளகாத்துக்குச் சரி. எழுதி, படம்பிடித்து, வெட்டி ஒட்டிய அந்தப் பொருளைக் குறிக்க அதை வைத்துக்கொள்ளலாம்.

பொருளையும் உரையையும் பிரித்துச் சொல்லவேண்டிய தேவை உண்மையிலேயே உண்டு. ஊமைப்படத்தை வேறு நாட்டுக்கு விற்கும்போது காட்சிகளைத் தொடமாட்டார்கள். எழுத்தட்டைகளை மட்டும் கழற்றி அந்த ஊர் மொழியில் மாற்றிவிடுவார்கள். நார்வேயில் ஓடியவை பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்கள்; சொந்தப் படங்கள் மிகக் குறைவு. 1913-ஆம் ஆண்டுச் சட்டம் திரையரங்கு உரிமத்தை நகராட்சிகள் கையில் கொடுத்தது, ஊர்தோறும் நகராட்சியே அரங்கு நடத்தத் தொடங்கியது, வசூல் படத் தயாரிப்புக்குத் திரும்பவில்லை. எனவே அந்நாட்டு ரசிகர் திரையில் படித்த தம் மொழியின் பெரும்பகுதி மொழிபெயர்ப்பாகத்தான் இருந்திருக்கும். பழைய பிரதியை மீட்டெடுக்கிறவர்களும் இதோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அட்டை கிடைக்காமல் உரை மட்டும் காகிதத்தில் கிடைக்கலாம். அட்டை இருந்தும் அதில் உள்ள உரை வேறு மொழியாக இருக்கலாம். ‘இடைத்தலைப்பு கிடைத்தது’ என்று எழுதினால் இவற்றில் எது நடந்தது என்றே தெரியாது.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள மனக்குறை இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஃபாந்தெ-ஆன்னெயை ஆங்கிலத்தில் ஜிப்சி என்று போட்டுவிட்டார்கள். உடனே தமிழிலும் ‘ஜிப்சி ஆனி’. ‘ஃபாந்த்’ என்பது ஊர் ஊராய் அலைந்து திரிகிறவர்களை, பெரும்பாலும் ஏளனமாக, நார்வேக் குடியானவர்கள் அழைத்த பெயர். பண்ணைவீட்டார் அவளை அந்தப் பெயரால் அழைப்பதில்தான் கதையின் முள்ளே இருக்கிறது. ‘நாடோடி ஆன்னெ’ என்றாலாவது பாதி ஒட்டும். நாயகி பெயரையும் விட்டுவைக்கவில்லை. ஓஸ்தா நீல்சனை ‘ஆஸ்தா நீல்சன்’ என்று எழுதி, அந்தப் பெயருள்ள புகழ்பெற்ற டென்மார்க் நடிகையாகவே ஆக்கிவிடுகிறார்கள். பழைய நார்வே எழுத்தில் ‘a’ இரண்டு சேர்ந்து ‘aa’ என்று வந்தால் அது ‘ஓ’ ஒலி. இது அந்த மொழியின் முதல் பாடத்தில் வருவது.

அடியில் ஓடும் வரியைத் ‘துணைத்தலைப்பு’ என்பதும் இதே தவறின் தம்பி. அதற்கு அடியுரை என்று வைத்தால் உன்னர்தெக்ஸ்டுக்கும் பொருந்தும், இடையுரைக்கும் இணையாகும். ஆனால் சப்டைட்டில் மக்கள் வாயில் நன்றாகப் பதிந்த சொல். அதைப் பிடுங்கியே ஆகவேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன். டைட்டில் கார்டும் அப்படித்தான், பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள். தமிழில் எழுதுகிறேன் என்று உட்கார்ந்த பிறகு பிழையான தமிழை எழுதாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஊமைப்படம் என்ற சொல்லை நான் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. நார்வே மொழியில் ‘ஸ்தும்ஃபில்ம்’. ஸ்தும் என்றால் ஊமை. மௌனப்படம் என்றால் அரங்கமே மௌனமாக இருந்தது போலத் தோன்றும். அரங்கில் இசை ஒலித்தது. நார்வே நாவலாசிரியர் ஹாம்சுனின் கதையை வைத்து 1921-இல் வந்த ‘மார்கன்ஸ் க்ரோதெ’வுக்கு லெய்ஃப் ஹால்வர்சன் தனியாக இசையே அமைத்தார். பேச்சு மட்டும்தான் இல்லை. பேசாப்படம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1930-இல் பிரைஸ்தைனின் ‘கிறிஸ்தீனெ வால்ட்ரெஸ்தாத்தர்’ வரை அந்த நாடு இப்படிப் படம் எடுத்தது. மறு ஆண்டே தான்க்ரேத் இப்சனின் ‘பெரிய ஞானஸ்நானம்’ பேசிவிட்டது, இடையுரைக்கு வேலை போயிற்று.

கடைசியாக ஓர் எல்லை. பாத்திரம் கையில் பிடித்துப் படிக்கும் கடிதம், சுவரில் ஒட்டிய அறிவிப்பு, கல்லறைப் பெயர்ப்பலகை இவையெல்லாம் திரை முழுக்கத் தெரிந்தாலும் இடையுரை ஆகா. அவை கதை நடக்கும் உலகத்துக்குள் இருக்கும் பொருள்கள். பாத்திரமும் அவற்றைப் பார்க்கிறது. இடையுரை பார்வையாளர் கண்ணுக்கு மட்டும் உரியது. கடிதத்தைக் கடிதம் என்றே எழுதுங்கள்.