ஹீட்டரே போடாத காரிலும் ஹீட்டர் ஒழுகும்

"தம்பி, எவ்வளவு துடைச்சாலும் கண்ணாடி தெளிய மாட்டேங்குது. வைப்பர் கூட புதுசா மாத்திட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெரியவர் சாவியை நீட்டினார். கார் இருபது வருடங்களைத் தாண்டியது. பொழுது சாயும் நேரத்தில் எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணாடி முழுக்கப் பரவி, கொஞ்ச நேரம் சாலையே தெரிவதில்லை என்றார்.

முன்கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய் தடவியது போல வழுக்கியது. முகர்ந்தால் லேசான தித்திப்பு வாடை. முன்சீட்டில் கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சை அழுத்தியதும் காவி கலந்த பச்சைத் தண்ணீர் கசிந்து வந்தது.

"ஹீட்டர் ஒழுகுது ஐயா."

"நான் ஹீட்டர் போடறதே இல்லையே!"

இந்தப் பதிலை நான் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹீட்டர் என்பது ஃபேன் மாதிரி, சுவிட்ச் போட்டால் மட்டும் வேலை செய்யும் தனிச் சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். அது இன்ஜின் கூலிங்கின் ஒரு பகுதி. டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒரு தடித்த புத்தகம் அளவுக்கு, குட்டி ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. ஹீட்டர் கோர் என்போம். கூலன்ட் என்பது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். இன்ஜினில் சூடான அது, சுமார் 90 டிகிரி செல்சியஸில், இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக இதற்குள் போய்த் திரும்புகிறது. பிளோயர் காற்று அதன் மேல் பட்டு வெதுவெதுப்பாகி உள்ளே வருகிறது. பல கார்களில் நீங்கள் குமிழைக் குளிர்ச்சிப் பக்கம் திருப்பினாலும் கூலன்ட் ஓட்டம் நிற்பதில்லை. உள்ளே ஒரு தகடு காற்றின் வழியை மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். சில மாடல்களில் கூலன்டை நிறுத்த வால்வு உண்டு. பழைய வண்டியில் அந்த வால்வே இறுகிப்போயிருக்கும், அல்லது அதுவே ஒழுகும். ஆக, ஹீட்டரைத் தொடாதவர் காரிலும் அந்தக் குட்டி ரேடியேட்டர் தினமும் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

கார்ப்பெட் ஈரமாக இருந்தால் எல்லாமே ஹீட்டர்தான் என்றும் முடிவு கட்டக் கூடாது. ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். கண்ணாடி ஓரத்திலோ கதவின் உள் ஷீட்டிலோ மழைநீர் இறங்கினாலும் அதே ஈரம். வித்தியாசம் காண ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பர் போதும். ஈரத்தில் ஒற்றி எடுங்கள். ஏ.சி. தண்ணீருக்கு நிறமும் இல்லை, தித்திப்பு வாடையும் இல்லை, கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். கூலன்டாக இருந்தால் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதோ ஒரு சாயம் தெரியும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழவழக்கும், மறுநாளும் பிசுபிசுப்பு போகாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். தித்திப்பாக இருக்கிறதா என்று நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள்.

இந்தச் சின்னச் சோதனையை நானே ஒருமுறை செய்யாமல் விட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், தரை நனைந்த ஒரு காரை ஏ.சி. அடைப்பு என்று நினைத்து, குழாயை ஊதிச் சுத்தம் செய்து அனுப்பினேன். சில வாரம் கழித்து அதே கார் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஓடும்போதே இன்ஜின் கொதித்து, இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது. ஓட்டி வந்தவர், "சூடு காட்டுற முள் மேலே ஏறவே இல்லையே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கூலன்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், சரியான சூட்டைக் காட்டாது. அன்றிலிருந்து ஈரமான கார்ப்பெட்டோடு எந்த வண்டி வந்தாலும் முதலில் டிஷ்யூவைத்தான் எடுக்கிறேன்.

இன்ஜின் போவது ஒரு பக்கம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள்தான் எனக்கு முக்கியம். பெரும்பாலான கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அதன் கொதிநிலை 197 டிகிரி. அதனால்தான் தண்ணீர் ஆவியாகிப் போன பிறகும் அது கண்ணாடியில் படலமாகத் தங்கிவிடுகிறது, வெறும் துணியால் துடைத்தால் இழுசுகிறதே ஒழிய போவதில்லை. உடலுக்குள் போனால் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து பாழாக்கும். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகள் கை வைத்துவிடுவார்கள். குழந்தையோ பிராணியோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரம் தாழ்ந்தால் பலன் குறையும்.

சரி, ஒழுகுவது கோர்தானா? சில நேரம் ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது குழாய் சேரும் இடத்து ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் டேஷ்போர்டைக் கழற்றுவது அநியாயம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கைப் பம்பு உள்ள பிரஷர் டெஸ்டரை மாட்டுவேன். மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பல கார்களில் 0.9 முதல் 1.1 பார் வரை, அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விடுவேன். அந்த அளவைத் தாண்டி ஏற்றக் கூடாது, பழைய கோர் அங்கேயே வாயைப் பிளந்துவிடும். டெஸ்டரின் முள் இறங்கி, இன்ஜின் பக்கம் எங்கும் ஈரம் இல்லாமல், உள்ளே சொட்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் கேட்பது ஓட்டை அடைக்கும் மருந்து. கூலன்டில் ஊற்றினால் ஒழுகல் நிற்கும் என்கிறார்களே என்று. சிறு கசிவு கொஞ்ச நாள் நிற்கலாம். ஆனால் அந்த மருந்துக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. ஹீட்டர் கோரின் குழல்கள் மெல்லியவை, ரேடியேட்டர் குழல்களும் அப்படித்தான். பழைய வண்டியில் ஏற்கெனவே பாதி அடைத்திருக்கும் வழியை அது முழுதாக அடைத்துவிடும். என் பட்டறையில் நான் ஊற்றுவதில்லை.

உடனே வேலை பார்க்க முடியாதவர்களுக்கு இன்ஜின் பக்கத்திலேயே இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து, கோரைத் தாண்டி கூலன்டைத் திருப்பிவிடலாம். பைபாஸ். உள்ளே ஒழுகுவது அந்த நிமிடமே நிற்கும். இரண்டு ஹோஸையும் தனித்தனியாக அடைத்துவிடாதீர்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பொறுத்துக் கூலன்டுக்கு வழி விடும் வால்வு, சரியாகத் திறக்க இந்தச் சுற்றின் ஓட்டம் தேவை. பைபாஸ் செய்த காரில் கண்ணாடியின் பனிமூட்டத்தைக் கலைக்கும் சூடான காற்றும் வராது. குளிர்ந்த ஊரில் ஓட்டுபவருக்கு அது பார்வையையே பறிப்பது, ஆகவே அங்கே இது வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான்.

கோரை மாற்றும் முன் அது ஏன் ஓட்டையானது என்று கேட்காத மெக்கானிக்கை நம்பாதீர்கள். கூலன்டில் துருவைத் தடுக்கும் ரசாயனம் கலந்திருக்கும். வருடக்கணக்கில் மாற்றாவிட்டால் அது தீர்ந்துபோய், கூலன்டே உலோகத்தை அரிக்கத் தொடங்கும். குறைந்த போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படியும். எர்த் கம்பி சரியில்லாத வண்டியில் மின்சாரம் கூலன்ட் வழியாகவே பாய்ந்து அலுமினியத்தைத் தின்னும். இதைப் பார்ப்பது எளிது. இன்ஜினை ஓடவிட்டு, விளக்கு, ஃபேன் எல்லாம் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை உலோகத்தில் படாமல் கூலன்டிலும் வைக்க வேண்டும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நான் எர்த் கம்பிகளைத் தேட ஆரம்பிப்பேன்.

பெரியவரின் காரில் காரணம் கூலன்ட்தான். வடித்தபோது காவி நிறத்தில் வந்தது. ஃப்ளஷ் செய்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட்டினேன்.

சில மாடல்களில் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாலே கோர் கைக்கு வரும். பலவற்றில் டேஷ்போர்டு முழுக்க இறங்க வேண்டும். ஏர்பேக் உள்ள காரில் பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருக்காமல் ஸ்டீயரிங் பக்கம் கை வைக்காதீர்கள். ஏ.சி.யின் கூலிங் காயில் என்ற குளிர்விக்கும் குழாய்ச் சுருளும் அதே பெட்டியில் இருந்தால், பெட்டியை எடுக்கும் முன் ஏ.சி. கேஸை மெஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். வெளியே திறந்துவிடுவது தவறு.

இனி, நிறைய பேர் கோட்டைவிடும் இடம். பழைய ஹோஸ் கோரின் குழாயில் பசை போட்டது போல ஒட்டியிருக்கும். பிளையரால் பிடித்து முறுக்கி இழுத்தால், அந்த மெல்லிய குழாய் நசுங்கும், இல்லை அடியில் பற்றவைத்த இடம் விரிசல் விடும். ஹோஸ் மாற்றப் போய் நல்ல கோரை உடைத்த கதை எத்தனையோ. நான் கிளிப்பைத் தள்ளிவிட்டு, பிளேடால் ஹோஸை நீளவாக்கில், குழாயில் கீறல் விழாதபடி மேலாகக் கீறி, வாழைப்பழத் தோல் போல உரித்தெடுப்பேன். ஹோஸ் போனால் புது ஹோஸ் மாட்டலாம், நசுங்கிய குழாயை நிமிர்த்த முடியாது. புதுக் கோரைச் சுற்றிப் பஞ்சுப் பட்டையும் புதிதாக ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்று கோரின் ஓரமாக நழுவிப் போய் சூடே வராது. டேஷ்போர்டை மூடும் முன்பே கூலன்ட் நிரப்பி இன்னொரு முறை பிரஷர் ஏற்றிப் பாருங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். டேஷுக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று சத்தம் போட்டால் இன்னும் காற்று இருக்கிறது.

கார்ப்பெட் வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். கிளைக்கால் காயாது. ஸ்பாஞ்சோடு வெளியே எடுத்து வெந்நீரில் பலமுறை அலசித்தான் போக்க வேண்டும். அடியில் ஓடும் வயர் கனெக்டர்களையும் திறந்து துடைக்க வேண்டும். கண்ணாடிக்கு முதலில் சோப்பு நீர், பிறகு சுத்தமான ஈரத்துணி, கடைசியில் உலர்ந்த துணி. ஒரே துணியால் எல்லாம் துடைத்தால் பிசுக்கு இடம்தான் மாறும்.

பெரியவரின் ரிசர்வ் டேங்கில், இன்ஜின் ஆறிய நிலையில் கூலன்ட் நின்ற மட்டத்துக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டு அனுப்பினேன். பத்து நாள் கழித்து வந்தார். கூலன்ட் கோட்டிலேயே நின்றது. உள்பக்கக் கண்ணாடியை விரலால் தேய்த்தேன். கீச்சென்று சத்தம் வந்தது.