ஆம்புலன்ஸ் ஏன் தள்ளி நிற்கிறது?

கன்னியாகுமரி கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு குண்டு வெடித்தால் 112-க்கும் 108-க்கும் அழைப்புகள் குவியும். ஆனால் வந்து சேரும் ஆம்புலன்ஸ்கள் காந்தி மண்டபத்துக்கு வெகு முன்பே நிறுத்தப்படும். அடிபட்டவர்கள் கண்முன்னே கிடக்க, வண்டி உள்ளே வராது. மக்கள் கொதித்துப்போவார்கள், அது இயல்புதான். ஆனால் உதவிக்கு ஓடி வருகிறவர்களைக் குறிவைத்து இரண்டாவது குண்டு வைப்பது பழைய தந்திரம். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் அடுத்தடுத்து பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். வெடிக்காத குண்டுகளும் பிறகு கண்டெடுக்கப்பட்டன.

அதனால்தான் முதலில் உள்ளே போவது போலீஸும் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவும் மோப்ப நாயும். கேட்பாரற்றுக் கிடக்கும் பையைத் தொடவோ நகர்த்தவோ கூடாது. அதன் பக்கத்தில் நின்று போனோ வாக்கிடாக்கியோ பேசவும் கூடாது. தீயணைப்புத் துறைக்கு அங்கே நெருப்பைவிடப் பெரிய கவலை, தட்டுக்கடைகளின் கேஸ் சிலிண்டர். அவற்றை அகற்றி, மின்சாரத்தைத் துண்டித்து, இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை வெட்டியெடுப்பது அவர்கள் வேலை. போலீஸ் சரிபார்த்த பாதையில் அவர்கள் தூக்கி வருகிறவர்களை மருத்துவக் குழு ஏற்றுக்கொள்ளும்.

இந்தக் கைமாற்றம் எங்கே முறிகிறது? பெரும்பாலும் பேச்சில்தான். ஒரு துறையின் வயர்லெஸ் இன்னொரு துறைக்குக் கேட்காது. கூட்டம் கூடிய இடத்தில் செல்போனும் கிடைக்காது. எல்லாத் துறைகளின் பொறுப்பு அதிகாரிகளும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைவிட நல்ல வழி வேறில்லை.

குழு உள்ளே வரும்வரையிலான அந்த நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவர் கையில். கை காலில் ரத்தம் பீறிட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும். தோர்த்தை, அதாவது துண்டை, இரண்டு அங்குல அகலத்துக்கு மடித்து, காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல் கட்டுங்கள். முடிச்சில் ஒரு கம்பைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலியில் அலறினாலும் தளர்த்தக் கூடாது. அரைகுறையாகக் கட்டினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் மட்டும் தடைபட்டு, கசிவு கூடிவிடும். கயிறும் வயரும் வேண்டாம், சதையை அறுக்கும். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதுங்கள். தொடையிடுக்கிலோ அக்குளிலோ காயம் என்றால் கட்ட முடியாது; துணியை உள்ளே திணித்து இரு கைகளாலும் அழுத்த வேண்டும். குத்தி நிற்கும் இரும்பைப் பிடுங்காதீர்கள்.

மருத்துவக் குழு ஒருவரிடம் முதலில் செலவிடுவது அரை நிமிடம்தான். யாரை முதலில் கவனிப்பது என்று காட்ட ஆளுக்கொரு நிற அட்டை மாட்டுவார்கள்; சிவப்புக்குத்தான் முதலிடம். நடக்க முடிந்தவருக்குப் பச்சை அட்டை. நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு, மணிக்கட்டில் நாடி இல்லை, "கையை இறுக்கிப் பிடிங்க" என்றால் பிடிக்கவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் சிவப்பு. மூன்றும் சரியாக இருந்து, நடக்க மட்டும் முடியாதவருக்கு மஞ்சள். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சில்லை என்றால் கறுப்பு. அவரைக் கடந்து போவதைப் பார்க்கும் உறவினருக்கு நெஞ்சு வெடிக்கும். ஆனால் அங்கே நின்று நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருக்கும் சிவப்பு அட்டைக்காரர் போய்விடுவார்.

லேசான காயக்காரர்கள் ஆட்டோ பிடித்து முதலில் ஆஸ்பத்திரி சேர்ந்துவிடுவதுதான் பெரிய சிக்கல். பக்கத்து ஆஸ்பத்திரி அவர்களால் நிறைந்த பிறகுதான் சிவப்பு அட்டைக்காரர்களை ஏற்றிய வண்டிகள் வரும். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்புவதும் தவறு. பிரித்து அனுப்ப வேண்டும். ஆனால் காது அடைத்து, மூச்சு வாங்கினால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் பச்சைப் பகுதியில் சொல்லுங்கள். குண்டு அதிர்ச்சியில் நுரையீரல் பாதித்தால் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

விவேகானந்தர் பாறையில் நடந்தால் கதையே வேறு. வெளியேற படகு மட்டும்தான். எல்லாரும் ஒரே படகுக்குப் பாய்ந்தால் கடலே அடுத்த விபத்து. அலையில் ஆடும் படகில் ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது கட்டு நழுவும் என்பதால், கரை இறங்கியதும் அட்டை நிறத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

வீடியோ எடுத்து நேரலையில் விடாதீர்கள். 2008-இல் மும்பைத் தாக்குதலின்போது டிவி நேரலை, தாக்கியவர்களைத் தொலைவிலிருந்து இயக்கியவர்களுக்கு உதவியது. அதனால்தான் 2015-இல் கேபிள் டிவி விதிகளைத் திருத்தி, பயங்கரவாதிகளுக்கு எதிராகப் பாதுகாப்புப் படைகள் எடுக்கும் நடவடிக்கைகளின் நேரலையைத் தடை செய்தார்கள். கீழே கிடக்கும் செருப்பும் கம்பித்துண்டும்கூட தடயவியல் குழுவுக்கு வேண்டும், மிதிக்காதீர்கள்.

ஆளைக் காணவில்லை என்று தேடி வருகிற குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. முகத்தையும் சட்டையையும் பார்த்து உடலைப் பெற்றுக்கொண்டு, பிறகு வேறு ஒருவருடையது என்று தெரியவந்தால் அது இரண்டு வீட்டுக்கும் தீராத வேதனை. கைரேகை, பல், டிஎன்ஏ மூன்றும்தான் நம்பகம். பல் டாக்டரிடம் எடுத்த எக்ஸ்ரே, எலும்பில் தகடு வைத்த ஆபரேஷன் சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள். அவர் பல் தேய்த்த பிரஷையும் தலை வாரிய சீப்பையும் கழுவாமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், தனித்தனிக் காகிதக் கவரில் வையுங்கள். பெற்றோரோ பிள்ளைகளோ கூடவே வந்தால் ரத்த மாதிரியும் உடனே எடுத்துவிடலாம்.